பொங்கல் சுத்தமும் பெயர் இல்லாத பாட்டில்களும்

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு இன்னும் சில நாட்கள்தான். பரணை இறக்குவது, ஒட்டடை அடிப்பது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது என்று எல்லார் வீட்டிலும் வேலை தொடங்கியிருக்கும். பிள்ளைகளும் லீவில் வீட்டோடு இருப்பார்கள். பெரியவர்களுக்குக் கையில் நூறு வேலை இருக்கிற இந்த நேரத்தில், வீட்டில் புழங்கும் ஆசிட், மருந்து, கிரீம் வகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிராத எந்தப் பொருளும் வீட்டில் இருக்க வேண்டாம்.

முதலில் ஆசிட். தெருவில் சைக்கிளிலும் மொபெட்டிலும் "ஆசிட், பினாயில்" என்று கூவி விற்றுக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் காலியான குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோதான் ஊற்றித் தருகிறார்கள். லேபிள் என்று பார்த்தால் பழைய குளிர்பானத்தின் பெயர்தான் ஒட்டியிருக்கும். விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது குளிர்பானம்தான், வேறென்ன? உள்ளே இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு வாய் போனாலும் தொண்டையையும் உணவுக்குழாயையும் இரைப்பையையும் புண்ணாக்கிவிடும். உயிர் பிழைத்தாலும், புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கி, கஞ்சி இறங்குவதற்கே பிள்ளை பல மாதங்கள் மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ஆசிட் ஊற்றியும் கறை போகவில்லை என்றால் அதே தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்ப்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்கள் மீது திறந்துவிடப்பட்ட வாயு அதுதான். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம் என்பதால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தங்கும். நம் வீட்டுக் கழிவறைகளில் ஜன்னல் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கே தெரியும். குனிந்து உட்கார்ந்து தேய்க்கிற அம்மாவின் மூக்குக்கும், பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளையின் மூக்குக்கும் நேராகத்தான் அது வரும். கண் எரிந்து, இருமல் நிற்காமல், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்கும் போகலாம். கடையில் லேபிளோடு வாங்கும் டாய்லெட் கிளீனர்களிலும் பெரும்பாலும் இதே அமிலம்தான் இருக்கிறது. அதனால் அவற்றோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது. நம் பள்ளிக் கழிவறைகளுக்கு இப்போது சோப்புத் தண்ணீரும் பிரஷும்தான். பிளீச்சிங் கரைசல் போட வேண்டிய நாளில் அதை மட்டும் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறோம். கையில் உறை, கதவு திறந்திருக்க வேண்டும். இதிலேயே நன்றாகச் சுத்தமாகிறது.

பெயின்ட் அடிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னல் கம்பி, கதவு, கிரில் பெயின்ட்டில் ஈயம் நிறைய இருக்க வாய்ப்பு உண்டு. அதை உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடியே தேய்த்தால் கிளம்பும் தூசி, தரையில் விளையாடும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குள் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அதற்கு ஓர் அளவே கிடையாது. ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள், அன்றைக்குப் பிள்ளைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஈரத்துணியால் தரையைத் துடைத்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, தின்னரையும் டர்பன்டைனையும் டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. மண்ணெண்ணெய்க்கும் இது பொருந்தும். குடித்துவிட்டால் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அப்புறம் கிரீம். இதை எழுதத்தான் எனக்கு மனம் கனமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளிடம், பெண் பிள்ளைகள் மட்டுமல்ல, பையன்களிடமும், வெள்ளையாக்கும் கிரீம் டப்பாக்கள் கை மாறுவதை ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். சில டப்பாக்களில் தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, உட்பொருட்கள் பட்டியல் இல்லை. வெளிநாட்டு எழுத்தும் ஒரு பெண்ணின் படமும் மட்டும் இருக்கின்றன. வாரத்தில் நிறம் மாறுகிறது என்றால் மாற்றுவது பல சமயம் பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. தோல் வழியாகவே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் சேர்கிறது. 2023-இல் பக்கத்துக் கேரளாவில், மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயோடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் இப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்கள் என்று கண்டார்கள். பதினான்கு வயதுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. பூசுபவரோடு இது நிற்பதில்லை. துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, ஆவியாகி, வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும் போய்ச் சேரும்.

டப்பாவின் பின்புறத்தை ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள். மெர்குரி, கலோமெல், மெர்குரஸ் குளோரைடு என்று இருந்தால் பாதரசம். தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எச்சரிக்கை இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாதரசம் அந்த உலோகங்களோடு சேரும் என்பதால்தான் அந்த வரி. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவுக்கு, கொடுத்த நாட்களுக்கு மட்டும்தான் அதைப் பூசலாம். தோழி சொன்னாள் என்று மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் இன்னும் சிவக்கும், அதற்குப் பயந்தே திரும்பப் பூசுவார்கள். அப்படி மாட்டிக்கொண்ட பிள்ளையைத் திட்டாதீர்கள், தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்கள் "என்னம்மா இப்படிக் கறுத்துப் போயிட்டே" என்று கேட்கும்போது, பிள்ளையின் பக்கம் நின்று நீங்கள் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்விதான் அவளை அந்த டப்பாவிடம் அனுப்புகிறது.

பண்டிகைக்குக் கையில் மருதாணிக் கோன் போடுவார்கள். அரைத்த மருதாணி செக்கச்செவேல் என்றுதான் பிடிக்கும், அதற்குச் சில மணி நேரமும் ஆகும். பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கிற கோனில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கக்கூடும். ஒரு முறை கை கொப்பளித்து ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க உடன் வரும். கொல்லையில் மருதாணிச் செடி இருக்கிறவர்கள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு கைப்பிடி இலை கொடுங்கள்.

பீரோவைத் திறந்தால் அந்துருண்டை இருக்கும். நாப்தலின் என்பதுதான் அதன் பெயர். வெள்ளையாக, மிட்டாய் மாதிரி உருண்டு வருவதால் சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடம்பு வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் டீ நிறத்தில் போகும். அந்துருண்டையோடு பூட்டி வைத்த துணியில் பிறந்த குழந்தையைச் சுற்றினாலே சிலருக்கு இது வந்திருக்கிறது. வேப்பிலையும் வசம்பும் வெயிலும் போதும், துணி கெடாது. பூஜை அறைச் சூடமும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒரு கிராம் அளவு சூடமே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம், விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம்.

கொசுவர்த்தியைப் பற்றி ஒரு வரி: ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள். போகியன்று பழைய பாயும் முறமும் போதும். டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் மீறி ஏதாவது நடந்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட்டும் தின்னரும் மேலே வரும்போது இன்னொரு முறை சுடும், நுரையீரலுக்குள்ளும் இறங்கும். கண்ணிலோ தோலிலோ பட்டால் குழாயைத் திறந்து குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீர் ஓடட்டும். 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லாத எண் 1800 116 117. மருத்துவமனைக்குப் போகும்போது அந்த பாட்டிலையும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். எலி பேஸ்ட்டாக இருந்தால், பிள்ளை சாதாரணமாகத் தெரிகிறது என்று ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் முதலில் ஒன்றும் காட்டாது, இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரலைக் கெடுக்கும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

லீவு முடிந்து பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அறிவியல் கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறோம். வீட்டில் உள்ள கிரீம், கிளீனர், கொசு மருந்து இவற்றின் லேபிளைப் போனில் படம் எடுத்து வாருங்கள். வேதியியல் ஆசிரியரும் நானும் உங்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறோம். ஆங்கிலம் படிக்கத் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். பாட்டிமாரையும் அழைத்து வாருங்கள், அவர்களுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருப்போம்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்