சாய்ப்பில் வச்ச தட்டு

மக்களே,

இங்க அப்பாவும் அண்ணனும் மைனியும் பிள்ளையும் சுகம். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் வந்தாச்சு. பால் குறைவுன்னு அப்பா வெட்டை நிறுத்தி வச்சிருக்காரு. வேற விசேஷம் ஒண்ணும் இல்லை.

மூணு வாரமா நீ போன் எடுக்கல்ல. 'வேலையில இருக்கேம்மா'ன்னு மெசேஜ் மட்டும் வருது. உன் வேலை எனக்குத் தெரியாததா? நேரத்துக்குச் சாப்பிடு. தினமும் ரெண்டு முட்டை தின்னு. நாட்டுமுட்டை கிடைக்கல்லன்னா கடை முட்டையாவது தின்னு.

முன்னால நீ இப்படி இல்லை. 2021 ஜூன்ல வண்டலூர்ல நீலான்னு ஒரு பெண்சிங்கம் கொரோனாவுல செத்தப்போ நீ வேப்பேரியில எம்.வி.எஸ்ஸி.ன்னு மாட்டு டாக்டருக்கு மேல்படிப்பு படிச்சிட்டிருந்த. உனக்கும் அந்தச் சிங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் அழுத. 'மனுஷன்கிட்டயிருந்துதாம்மா அதுக்குப் போயிருக்கும், கூட்டுக்குள்ள இருந்த அது எங்க போய் வாங்கும்'ன்னு சொன்ன. என்ன சமாதானம் சொல்லன்னு தெரியாம நானும் கூட அழுதேன்.

அந்தச் சர்க்கஸ் ஆனை உங்க மிருகக்காட்சிப் பூங்காவுக்கு வந்த புதுசுலயும் எல்லாம் சொன்ன. தும்பிக்கைக்குள்ள அறுபது மில்லி உப்புத்தண்ணி விட்டு, தும்பிக்கையைத் தூக்கிப் பிடிச்சு, பிறகு தாழ்த்தி ஒரு பாலித்தீன் பைக்குள்ள ஊத வைக்கணும், அந்தத் தண்ணியைத்தான் பரிசோதனைக்கு அனுப்பணும், மூணு நாள் இப்படிச் செய்யணும்னு நீ சொன்னதை நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துல அப்படியே சொன்னேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டாங்க. ஊதும்போது முகமெல்லாம் தெறிக்கும்னு சொல்லி நீ சிரிச்ச. கிருமி வளர்ந்து தெரிய எட்டு வாரம் வரை ஆகும்ன. எட்டு வாரம் எப்பவோ போச்சு. என்ன தெரிஞ்சுதுன்னு இதுவரை சொல்லல்ல. கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ கேட்டேன். 'மரச்சீனி வெந்துட்டாம்மா'ன்னு அடுப்படிக்குப் போயிட்ட.

ஆனை இப்ப எப்படி இருக்கு? மருந்து கொடுக்கிறியா? வாயில கொடுத்தா துப்பிடும், பின்பக்கமா ஏத்தணும், மாசக்கணக்கா விடாம கொடுக்கணும்னு சொல்லியிருக்க. மனுஷனுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான்னும் சொல்லியிருக்க. நடுவுல நிறுத்திரக் கூடாது, கேட்டியா. ஆனைக்குத்தான் சொல்றேன்.

மார்ச் 24, காசநோய் நாள் அன்னைக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா கோயில்ல வந்து பேசினாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி பார்க்கணும், எக்ஸ்ரே எடுக்கணும், மருந்துக்குக் காசு வேண்டாம், சாப்பாட்டுக்கு மாசம் 1000 ரூபாய் அரசாங்கமே கொடுக்கும்னாங்க. அந்தப் பணம் நமக்கு வேண்டாம். சாளையும் அயிலையும் வாங்கிப் பொரிச்சுத் தர நான் இருக்கேன். மிருகங்களோட வேலை செய்யிறவங்க வருஷம் ஒருக்கா எக்ஸ்ரே எடுக்கணுமாமே? நீ எடுத்தியா? எடுத்திருப்ப. எடுக்கல்லன்னா எடு.

நெல்லையில ராமையன்பட்டி காலேஜ்ல அஞ்சரை வருஷம் படிச்சப்போ, 'மாட்டு டாக்டருக்கா இவ்வளவு செலவு'ன்னு கேட்டவங்க இன்னைக்கு ஆடு உப்பிக் கிடந்தா உன் நம்பரைத்தான் கேக்கிறாங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பெரியம்மா வீட்டு ஆட்டுக்குப் புதுச்சேலையோட கடலை எண்ணெய் புகட்டினியே, அதை அப்பா இன்னும் கடையில உட்கார்ந்து சொல்லிட்டிருக்காரு. புலிக்கு மயக்க ஊசி போடுத பிள்ளைன்னு உன்னைப் பத்திச் சொல்லும்போது அவரு குரலே மாறிரும். ஆனா ஒண்ணு, ஊரு ஆட்டைப் பார்க்கிற உனக்கு உன்னைப் பார்க்க நேரமில்லையா? எப்படி மெலிஞ்சு வந்த!

நான் கவனிச்சேன் மக்களே. ராத்திரி நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்து தலையணையில வாயை வச்சு இருமினதைக் கேட்டேன். உன் தம்ளரை நீயே வெந்நீர்ல கழுவி ஜன்னல்ல தனியா கவுத்தி வச்ச. பிள்ளை உன் காலைப் பிடிச்சு நின்னப்போ தூக்கல்ல. முகத்தைத் திருப்பிக்கிட்டு அதுக்க உச்சியில ஒரு விரலை மட்டும் வச்ச. மைனி, 'அத்தைக்கு ஆனையைத்தான் பிடிக்கும்'னு சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல்ல.

நீ ஏன் என்கிட்ட சொல்லல்லன்னு எனக்குத் தெரியும். மாமிக்குச் சோறு கொண்டு வச்சது நீதானே. எட்டு வயசு உனக்கு. தொழுவத்துச் சாய்ப்புல, ஆணியால நான் கீறி வச்ச அந்த அலுமினியத் தட்டை நடையில வச்சிட்டு ஓடி வந்துரு, மூச்சைப் பிடிச்சுக்கோன்னு உனக்குச் சொல்லிக் கொடுத்தவ நான்.

எங்க காலத்துல ஆசாரிபள்ளம்னு சொன்னாலே அந்த நோய்தான். காசநோய் ஆஸ்பத்திரி அங்கதானே இருந்துது. அந்தப் பயம்னு இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா உனக்கும் அப்பாக்கும் தெரியாத ஒண்ணு உண்டு. மருந்து தொடங்கி ரெண்டு மாசத்துல, சளியில கிருமி இல்லை, வீட்டுக்குள்ள கூப்பிட்டுக்கோங்கன்னு நர்ஸ் வந்து சொல்லி ஒரு சீட்டும் தந்தாங்க. அப்பா அப்ப பால் வெட்டப் போயிருந்தாரு. அந்தச் சீட்டை நான் அடுப்புல போட்டேன். ஐப்பசி மழை முழுக்க மாமி அந்தச் சாய்ப்புலதான் கிடந்தா. குணமாகிப் போன பிறகும் நம்ம நடையை அவ மிதிக்கவே இல்லை. அவ செத்த அன்னைக்கு எல்லாரும் என்னைத் தேத்தினாங்க. நீ மட்டும் தள்ளி நின்னு என்னைப் பார்த்த. உனக்குச் சீட்டு விஷயம் தெரியாது. ஆனாலும் தெரிஞ்ச மாதிரி இருந்துது அந்தப் பார்வை.

அப்பாகிட்ட நேத்து ராத்திரி சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் பேசல்ல. எழுந்து முற்றத்துல போய் இருந்தாரு. காலையில சாயா மட்டும் வாங்கிக் குடிச்சாரு.

நடு அறையில கட்டிலைப் போட்டிருக்கேன், ரெண்டு ஜன்னலும் திறந்து. லீவு தந்தா வா. தரல்லன்னா அனந்தபுரி ரயில்ல குழித்துறையில ஏறி நான் வாறேன். முட்டை தின்னு. நீ ஜன்னல்ல கவுத்தி வச்சிட்டுப் போன தம்ளர்லதான் நான் இப்ப சாயா குடிக்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி கூப்பிடுவேன். நீ ஒண்ணும் சொல்லாண்டாம், எடுத்தா போதும்.

அம்மா