அந்த 80,000 வெள்ளியைப் போடுவதற்கு முன்

யீஷூன், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

அந்த 80,000 வெள்ளிக்கும் ஒரே நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்று நீ கேட்ட கடிதமும், அதோடு அனுப்பிய அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் புதன்கிழமையே வந்துவிட்டன. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, 140 பக்கத்தையும் படித்து முடிக்காமல் உனக்கு எழுதக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சிக்கு முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? ஈப்போ தண்ணீர் ஒத்துக்கொண்டதா? இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு இரண்டாவது பையன் பிறந்து மூன்று மாதம் ஆகிறது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பாதி அறிக்கையைப் படித்தேன். கீழே கோப்பிக்கடையில் நாம் பசியாறும் மூலை மேசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அங்கே போனால் உன் நினைவு வராமல் இருப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம்டா. இப்போதைக்கு அந்தப் பங்கை வாங்காதே. வீட்டை விற்று, கடனெல்லாம் அடைத்து மிஞ்சிய பணம் அது, இனி நமக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வரப்போவதில்லை. ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதை நீ அனுப்பிய அறிக்கையிலிருந்தே காட்டுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

நீ மூன்று காரணம் எழுதியிருந்தாய். லாபம் ஏறியிருக்கிறது, ஈவுத்தொகை 7% வருகிறது, வங்கியில் இருக்கும் ரொக்கமும் போன வருடத்தைவிட 1.1 மில்லியன் வெள்ளி கூடியிருக்கிறது. மூன்றும் உண்மை, எதிலும் தப்பில்லை. ஆனால் அந்த 1.1 மில்லியன் எங்கிருந்து வந்தது என்று நீ பார்க்கவில்லை. லாப நட்டக் கணக்கையும், சொத்து எவ்வளவு கடன் எவ்வளவு என்று காட்டும் ஐந்தொகையையும் பார்த்தாய், காசு எங்கிருந்து வந்தது எங்கே போனது என்று காட்டும் மூன்றாவது அறிக்கையான ரொக்க ஓட்ட அறிக்கையைப் புரட்டிவிட்டுப் போய்விட்டாய். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு அதுதான் முதல் பக்கம்.

ஒரு காகிதமும் பென்சிலும் எடு. வருமான வரி மாதிரிச் சின்னச் சின்ன எண்களை விட்டுவிட்டுப் பெரிய எண்களை மட்டும் போடுகிறேன், எல்லாம் மில்லியன் வெள்ளிக் கணக்கு. லாபம் 6.1. அதோடு தேய்மானம் 3 கூட்டு, ஏனென்றால் அது இயந்திரத்தின் மதிப்பு குறைந்ததாக எழுதிக்கொண்ட செலவு, இந்த வருடம் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. சரக்கு கொடுத்தவர்களுக்கு நிறுவனம் வைத்திருக்கும் பாக்கி 5.5 கூடியிருக்கிறது, கொடுக்காமல் வைத்த காசு கையில்தானே இருக்கும், அதையும் கூட்டு. 14.6 ஆயிற்றா? இப்போது வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கியைப் பார், 19இலிருந்து 37க்குப் போயிருக்கிறது. அந்த 18ஐக் கழி. மைனஸ் 3.4. அதாவது 6.1 மில்லியன் லாபம் என்று சொன்ன அதே வருடத்தில், தொழிலை நடத்தியதில் கையிலிருந்து 3.4 மில்லியன் வெளியே போயிருக்கிறது.

அப்புறம் இயந்திரம் வாங்க 2, ஈவுத்தொகையாகக் கொடுத்தது 2.5. ஆக மொத்தம் 7.9 வெளியே. உள்ளே வந்தது வங்கிக் கடன் 9. ஒன்பதில் ஏழு புள்ளி ஒன்பது போனால் மீதி எவ்வளவு? அதே 1.1. நீ பார்த்துச் சந்தோஷப்பட்ட ரொக்கம் வங்கி கொடுத்த கடனில் மிஞ்சியது. உன்னை இழுத்த அந்த 7% ஈவுத்தொகையும் அந்தக் கடனிலிருந்துதான் வந்திருக்கிறது.

வர வேண்டிய பாக்கி ஏறினால் உடனே தப்பு என்று சொல்ல மாட்டேன். விற்பனை கூடினால் பாக்கியும் கூடும். அதனால்தான் நாள் கணக்காக மாற்றிப் பார்க்க வேண்டும்: பாக்கியை 365ஆல் பெருக்கி விற்பனையால் வகு. போன வருடம் விற்பனை 64, பாக்கி 19, ஆக 108 நாள். இந்த வருடம் விற்பனை 82, பாக்கி 37, ஏறக்குறைய 165 நாள். வேலை முடித்துக் கொடுத்துவிட்டுக் காசுக்கு மூன்றரை மாதம் காத்திருந்தவர்கள் இப்போது ஐந்தரை மாதம் காத்திருக்கிறார்கள். ஏன்? வாடிக்கையாளரிடம் பணம் இல்லையா, வேலை சரியில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களா, இல்லை விற்பனையைப் பெரிதாகக் காட்டக் கண்டவருக்கெல்லாம் கடனில் வேலை செய்து கொடுத்தார்களா? பின்னால் இருக்கும் குறிப்புகளில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது பார், கெடு தாண்டி 90 நாளுக்கு மேல் ஆனது மட்டும் 11 மில்லியன். அதற்கு எதிராக வராமல் போகலாம் என்று ஒதுக்கி வைத்தது வெறும் 0.4. அந்தப் பதினொன்றில் பாதி வராமல் போனால் இந்த வருட லாபத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று கேட்பாய். போட்டிருக்கிறார். கணக்கு விதிப்படி, பெரிய தவறு இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து, தொழில் நன்றாக நடக்கிறது என்பதற்கு அல்ல. ஆனால் அவர் அறிக்கையை முழுதாகப் படி. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2016 டிசம்பர் நடுவில் தொடங்கி, தணிக்கையில் எந்த விஷயம் தனக்கு அதிகக் கவனம் எடுத்தது என்று தணிக்கையாளர் எழுதியாக வேண்டும். இந்த அறிக்கையில் அவர் எழுதியிருப்பது ஒரே ஒரு விஷயம்: வர வேண்டிய பாக்கி. ஒரு பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான். அவர் விரலை நீட்டிக் காட்டியிருக்கிறார், நாம்தான் பார்க்க வேண்டும்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. 2008 கடைசியில் நான் ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் துணைக் குத்தகை நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன் அல்லவா. டிசம்பர் 30ஆம் தேதி, பாதி முடிந்த வேலைகளுக்கெல்லாம் முழு பில் போடச் சொன்னார்கள். போட்டேன். பெரிய குத்தகைக்காரர் அந்த பில்களை ஏற்கவே இல்லை, அவை பாக்கி என்ற தலைப்பில் அப்படியே உட்கார்ந்திருந்தன, ஆனால் அந்த வருடக் கணக்கில் நல்ல லாபம். ஜனவரி முடிந்து, பிப்ரவரி 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டிய சம்பளம் 19ஆம் தேதி வரை போகவில்லை. அன்று மத்தியானம் புதுக்கோட்டைக்காரப் பையன் ஒருவன், வெல்டர், கணக்கறை வாசலில் வந்து நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். கையில் தங்கை காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய சீட்டு, நாலாக மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை, நின்றுகொண்டே இருந்தான். என் மேசைமேல் வங்கிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை, நடுவில் தடித்த எழுத்தில் லாபம். அந்த வரியை அடித்தவன் நான். அந்த லாபத்திலிருந்து அவனுக்கு 600 வெள்ளி எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அடுத்த வருடமே நிறுவனத்தை மூடினார்கள். அன்றிலிருந்து லாபம் என்ற வரியைப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் ரொக்கம் என்ன சொல்கிறது என்று என் கண் தானாகப் போகும்.

இது சின்ன நிறுவனங்களில்தான் நடக்கும் என்று நினைக்காதே. ஹைஃப்ளக்ஸ் உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது இங்கேதான் இருந்தாய். 2001இல் பட்டியலுக்கு வந்த நிறுவனம், தண்ணீர் சுத்திகரிப்பில் நம் ஊர் பெருமையாகச் சொன்ன பெயர். 2017ஆம் ஆண்டுக் கணக்கில்தான் முதல் முறையாக முழு ஆண்டு நட்டம் காட்டியது, 2018 மே மாதம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டுப் போய்விட்டது. அதுவரை லாபம் காட்டிய வருடங்கள் பலவற்றில் அதன் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் மைனஸில் இருந்தது. ஆலை கட்டி, நடத்தி, தண்ணீர் விற்கும் ஒப்பந்தங்களில், கட்டும்போதே கட்டுமான வேலையை வருமானமாக எழுதிக்கொள்ளக் கணக்கு விதி இடம் கொடுக்கிறது, காசோ பிறகு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டியது. கடல்நீரைக் குடிநீராக்கும் அதன் துவாஸ்பிரிங் ஆலைக்கு, அரசின் பொதுப் பயனீட்டுக் கழகத்தோடு போட்ட ஒப்பந்தம் 25 வருடம். அதோடு சேர்த்துக் கட்டிய மின் நிலையமும் மின்சார விலை இறங்கியதில் நட்டம் கொடுக்க ஆரம்பித்தது.

எனக்கு மனசு கனப்பது அதில் பணம் போட்ட நம்மைப் போன்றவர்களை நினைத்துத்தான். 2011இல் 400 மில்லியன் முன்னுரிமைப் பங்கு, 2016இல் 500 மில்லியன் முடிவுத் தேதி இல்லாத பத்திரம், இரண்டுக்கும் 6%. மசேநி (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கு 2.5% கொடுக்கும்போது 6% என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஏறக்குறைய 34,000 பேர், நிறையப் பேர் ஓய்வுபெற்றவர்கள். அந்த 900 மில்லியனும் ஐந்தொகையில் கடன் என்ற தலைப்பில் வரவில்லை, பங்கு மூலதனத்தின் பக்கம் வந்தது. அதனால் கடன் விகிதத்தை மட்டும் போட்டுப் பார்த்தவருக்குச் சுமை குறைவாகத் தெரிந்திருக்கும். வட்டி மாதிரியே வருடாவருடம் கொடுத்து வந்த காசு, ஆனால் பெயர் வேறு. உன் அறிக்கையிலும் இப்படி எதுவும் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நிம்மதி.

உன் தாத்தா மார்க்கெட் ஸ்திரீட்டில், வட்டித் தொழில் நடந்த கிட்டங்கியில் செட்டியாரிடம் கணக்கப்பிள்ளையாக இருந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். பொழுது சாயும்போது பெட்டியில் இருக்கும் காசை எண்ணி, பேரேட்டில் இருக்கும் மிச்சத்தோடு ஒத்துப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார் என்பாய். இந்த ஐந்தொகை என்ற வார்த்தையையே நான் முதலில் கேட்டது உன் வீட்டில்தான், பள்ளிக்கூடத்தில் இல்லை. நான் சொல்வது அவர் செய்ததுதான், பெட்டிதான் பெரிது.

இன்னும் சில. ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படி. தலைவர் எழுதும் கடிதமும் வண்ணப் படங்களும் முன்னால் இருக்கும், குறிப்புகள் பின்னால் இருக்கும். தொடர்புடையவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் என்று ஒரு குறிப்பு வரும், அதை விடாதே. இந்த நிறுவனத்தின் கிடங்கு ஓர் இயக்குநரின் குடும்ப நிறுவனத்துக்குச் சொந்தம், வாடகை மூன்று வருடமாக ஏறிக்கொண்டே வருகிறது. அதில் குற்றம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பக்கத்துக் கிடங்குகளின் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு, இந்த ரொக்க ஓட்டக் கணக்கை வங்கிகளுக்குப் போட்டுப் பார்த்துக் குழம்பாதே. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி எதுவானாலும் அவர்களுக்குப் பணமே சரக்கு, அங்கே பார்க்க வேண்டியது வாராக்கடன், மூலதனம் என்று வேறு. தங்கச்சியின் தம்பி வைத்திருக்கும் ரீட், அதாவது கட்டடங்களை வாங்கி வாடகையைப் பகிர்ந்து கொடுக்கும் முதலீட்டு நிதி, அதைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் கட்டடத்தின் மதிப்பு ஏறினால் அதுவும் லாபத்தில் சேரும், ஆனால் அது காசாகக் கைக்கு வராது, அதனால் லாபத்தை விட்டுவிட்டு ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு பகிர்ந்தார்கள், கடன் எவ்வளவு, எந்த வருடம் புதுப்பிக்க வேண்டும் என்று பார்க்கச் சொல். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஒரு வருட அறிக்கையை வைத்துக்கொண்டு நான் அந்த நிறுவனத்தைத் தள்ளிவிடவும் இல்லை. ஒரு பெரிய வேலையின் பில் டிசம்பரில் போய் ஜனவரியில் காசு வந்திருக்கலாம், அப்படியானால் நான் சொன்னதில் பாதி மாறிவிடும். அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். முந்தைய நான்கு வருட ஆண்டறிக்கைகளையும் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் இணையத்தளத்திலிருந்து எடு, காசு கேட்க மாட்டார்கள். ஐந்து வருட லாபத்தையும் கூட்டு, ஐந்து வருடம் தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. 2020 பிப்ரவரியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடும் கட்டாயம் பெரும்பாலான நிறுவனங்களுக்கு இல்லை, அதனால் அடுத்த கணக்கு ஆகஸ்டில்தான் வரும். அது வந்ததும் அந்த 37 இறங்கியிருக்கிறதா, 11 என்ன ஆயிற்று என்று முதலில் பார்ப்போம். அதுவரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும், ஆறு மாதத்தில் எங்கேயும் ஓடிவிடாது.

நான் வேண்டுமானால் 100 பங்கு வாங்கிக்கொள்கிறேன், பங்குதாரராக இருந்தால் ஏப்ரல் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அந்த 11 மில்லியன் யாரிடம் நிற்கிறது என்று கேட்கலாம். கேள்வியை நீ எழுதிக் கொடு, நான் கேட்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு வருவதாகச் சொன்னாயே, பஸ் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. பேரனுக்கு இன்னும் உன்னைக் காட்டவில்லை. வரும்போது தாத்தாவின் பழைய பேரேடு ஒன்று உன்னிடம் இருந்ததே, கரையான் அரிக்காமல் இருந்தால் அதையும் எடுத்து வா, ஒரு பக்கம் உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரன்