கருந்துளையின் நிறையை எப்படி அளந்தார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கருந்துளைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளைக்கு 650 கோடி சூரியன்களின் நிறை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை நகர்ந்துவிட்டது. அந்த எண் வந்த கதைதான் எனக்குப் பிடித்தது, அதனால் எழுதுகிறேன்.

2011இல் விண்மீன்களின் ஓட்டத்தை வைத்துக் கணக்கிட்டவர்கள் சுமார் 660 கோடி என்றார்கள். 2013இல் சூடான, அயனியான வாயுவை வைத்துக் கணக்கிட்டபோது சுமார் 350 கோடிதான் வந்தது. ஒரே கருந்துளைக்கு இரண்டு மடங்கு வித்தியாசம்! 2019இல் அந்தக் கருந்துளையின் படம் வந்த பிறகே முதல் கணக்குக்கு வலு கூடியது.

சரி, எல்லாக் கருந்துளைகளையும் படம் எடுக்க முடியாதே. அங்கேதான் குளிர்ந்த மூலக்கூறு வாயு கைகொடுக்கிறது. சூடான வாயு எளிதில் கலங்கிவிடும். குளிர்ந்த வாயு சில விண்மீன் மண்டலங்களின் நடுவில் மெல்லிய தட்டுபோல் அமைதியாகச் சுற்றுகிறது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான், ஆனால் குளிரில் அது ஒளிர்வதே இல்லை எனலாம். கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடு 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பளிச்சென்று தெரியும். நம்மை நோக்கி வரும் பக்கத்தில் அந்த அலை சுருங்கும், விலகும் பக்கத்தில் நீளும். அதிலிருந்து வேகம் கிடைக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடக் கணக்குதான்: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் உள்ளே இருக்கும் நிறை. விண்மீன்களின் பங்கை அதிலிருந்து கழித்துவிட வேண்டும்.

இந்த வழியில் என்ஜிசி 4526 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைக்கு 45 கோடி சூரிய நிறை என்ற முடிவு 2013இல் வெளியானது. பிறகு சிலியின் அடகாமா பாலைவனத்தில், 5000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களுடன் நிற்கும் அல்மா ரேடியோ தொலைநோக்கி இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. 2016இல் என்ஜிசி 1332 என்ற மண்டலத்தின் கருந்துளைக்குச் சுமார் 66 கோடி என்று கிடைத்தது.

இதிலும் சிக்கல் உண்டு. விண்மீன் மண்டலத்தின் தூரத்தில் பத்து சதவீதம் பிழை இருந்தால் நிறையிலும் அதே பத்து சதவீதம் பிழை வரும். மையத்தில் வாயுவே இல்லாவிட்டால் கணக்கு இன்னும் தள்ளாடும்.

ஆகவே நிறையை அச்சிடும்போது, எதை வைத்து அளந்தார்கள், எவ்வளவு பிழை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் வாயுவின் வேகத்தை நிறங்களால் காட்டும் வரைபடம் ஒன்றையும் வெளியிடுங்கள். விலகும் பாதி சிவப்பு, நெருங்கும் பாதி நீலம். நிழற்படத்துக்குச் சற்றும் குறையாத அழகு அதற்கு உண்டு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்