வம்சாவளி மென்பொருளின் பிழையான அறிக்கை குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: பந்தயக் குதிரை இணைப்பொருத்த அறிக்கையில் பிழையும் உதவி மையத்தின் அலட்சியமும்.

இணைசேர்க்கும் குதிரைகளின் வம்சாவளியை ஒப்பிட்டு அறிக்கை தரும் தங்கள் மென்பொருளுக்குத் தவறாமல் சந்தா கட்டிவரும் நான், தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் சொல்லி ஓய்ந்துபோன பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் பெண்குதிரையின் தந்தை, ஃபேரி கிங் என்ற குதிரையின் மகன். நான் தேர்ந்தெடுத்த பொலிகுதிரையின் தந்தை கலிலியோ. கலிலியோவின் தந்தை சாட்லர்ஸ் வெல்ஸ். சாட்லர்ஸ் வெல்ஸும் ஃபேரி கிங்கும் நார்தர்ன் டான்சர் என்ற ஆண்குதிரைக்கும் ஃபேரி பிரிட்ஜ் என்ற பெண்குதிரைக்கும் 1981, 1982 ஆண்டுகளில் பிறந்த முழு உடன்பிறப்புகள் என்பது இத்தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்தது. ஆகவே, பிறக்கவிருந்த குட்டிக்கு நான்காம் தலைமுறையில் நார்தர்ன் டான்சர் மட்டுமன்றி ஃபேரி பிரிட்ஜும் இருபுறமும் வந்தாக வேண்டும். தங்கள் அறிக்கையோ நார்தர்ன் டான்சரை மட்டும் 4×4 (இருபுறமும் நான்காம் தலைமுறை) என்று காட்டி, இன்பிரீடிங் (நெருங்கிய உறவுக்குள் இணைசேர்தல்) விகிதம் 0.78 சதவீதம் என்று முடித்துவிட்டது. தேடிப் பார்த்தால், ஃபேரி பிரிட்ஜ் தங்கள் தரவில் இரண்டு தனிப் பதிவுகளாகக் கிடக்கிறது; அவற்றுள் ஒன்றில் பிறந்த ஆண்டே இல்லை. அதனால் ஒரே குதிரை இரு வேறு குதிரைகளாகக் கணக்கில் வந்திருக்கிறது. மரபியலாளர் சீவல் ரைட் 1922இல் தந்த சூத்திரப்படி, இந்தத் தலைமுறை இடைவெளியில் ஒவ்வொரு பொது மூதாதைக்கும் 128இல் ஒரு பங்கு சேரும். இருவருக்கும் கூட்டினால் 1.56 சதவீதம். பாதியை விழுங்கிவிட்டு மீதியைக் கணக்கென்று தந்திருக்கிறீர்கள்.

1.56 ஒன்றும் அஞ்சத்தக்க அளவல்ல என்று தாங்கள் வாதிடலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவன் நான். அதற்காகத்தான் சந்தா கட்டுகிறேன்.

இதைப் பொறுமையாக விளக்கியபோது தங்கள் உதவி மைய ஊழியர் கூறியது: "பதிவு வேறு என்றால் குதிரையும் வேறுதான். எங்களுக்கு மென்பொருள் தெரியும், குதிரை தெரியாது." குதிரை தெரியாதவர்களா குதிரை வம்சாவளி விற்பது? ஆவணங்களோடு அலுவலகத்துக்கு வரச் சொன்னவரும் அவரே. வம்சப் பதிவேட்டின் நகல்களைச் சுமந்துகொண்டு நெடுந்தொலைவு வந்து, வரவேற்பறையில் பகல் முழுவதும் காத்திருந்தேன். மாலையில் வெளியே வந்தவர், நின்றபடியே, "இணையத்தில் டிக்கெட் (புகார்ப் பதிவு) போடுங்கள்" என்று சொல்லிவிட்டு மின்தூக்கியில் ஏறிவிட்டார். என் கையில் இருந்த தாள்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இதற்குள் இணைசேர்க்கும் பருவம் கடந்துவிட்டது. தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவேடு ஏற்காது; இயற்கையாகவே இணைசேர்க்க வேண்டும். பெண்குதிரை ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். சினைக்காலம் பதினொரு மாதம். வட அரைக்கோளத்தில் எல்லாக் குட்டிகளுக்கும் சனவரி 1ஆம் தேதியே வயது கூடுவதால், தாமதமாகப் பிறக்கும் குட்டி தன்னைவிட மாதங்கள் மூத்தவற்றோடு ஓட நேரும். ஒரு குட்டியை மட்டும் இழக்கவில்லை. என் பண்ணையின் வருங்காலமே தங்களால் பாழாயிற்று. இதற்கு முன் தாங்கள் தந்த அறிக்கைகளில் எத்தனை பாட்டிகள் தொலைந்தனவோ!

அருள்கூர்ந்து இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கி, என் பழைய அறிக்கைகள் அனைத்தையும் மீண்டும் கணக்கிட்டுத் தருமாறும், இவ்வாண்டுச் சந்தாவைத் திருப்பித் தருமாறும், அந்த ஊழியரிடமிருந்து எழுத்துப்பூர்வமான விளக்கம் பெற்று அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிடில், இக்கடிதமும் தங்கள் அறிக்கையின் நகலும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லும். பதிலைக் குதிரை தெரிந்த ஒருவர் எழுதினால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்