பெயர் தெரியாத அந்த அக்காவுக்கு நன்றி

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டியிருக்க, முதலில் ஆம்புலன்ஸுக்கு போன் போட வைத்தீர்கள், அப்புறம்தான் கைப்பையைத் திறந்தீர்கள். "ஆஸ்பிரின் அலர்ஜி உண்டா? வயிற்றுப் புண், ரத்தக்கசிவு ஏதாவது?" இல்லை என்றதும் 300 மில்லிகிராம் மாத்திரை. "முழுங்காதீங்கப்பா, நல்லா மென்னுங்க."

தலைவலிக்குப் போடும் அதே மாத்திரைதான்! மென்றால் சீக்கிரம் ரத்தத்தில் கலந்து, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மேலும் மேலும் ஒட்டி இதய ரத்தக்குழாயில் அடைப்பு பெரிதாவதைத் தடுக்கும், ஆனால் இருக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்காது, அதற்கு ஆஸ்பத்திரிதான் என்று அவ்வளவு பதற்றத்திலும் பொறுமையாகச் சொன்னீர்கள். வாய் கோணி, பேச்சு குழறினால் மட்டும் இதை நாமாகக் கொடுக்கவே கூடாது, மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து, ஸ்கேன் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்றும்.

கொடுத்த நேரத்தைக்கூடச் சீட்டில் எழுதித் தந்தீர்களே, டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். அப்பா நலம். ரொம்ப நன்றி அக்கா.