ட்ரைலோபைட்: கோடு குறுக்கே அல்ல, நெடுக்கே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் இணைப்பில், பல கோடி ஆண்டுக்கு முன் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ட்ரைலோபைட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன், இதெல்லாம் தமிழில் வருவதே சந்தோஷம். ஆனால் தலை, உடல், வால் என்று மூன்று பாகம் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று சொல்லி, படத்தில் குறுக்கே கோடு போட்டிருக்கிறீர்கள். அது தவறு. பெயரில் உள்ள மூன்று, நெடுக்குவாட்டில் இருப்பது: நடுவில் தலையிலிருந்து வால் வரை ஓடும் மேடு, அதற்கு இருபுறமும் ஒவ்வொரு மடல். பூச்சி என்று எழுதியதும் சரியில்லை. பூச்சி, நண்டு, தேள் போலக் கணுக்காலிதான், ஆனால் தனி வகுப்பு.

ஒஹாயோவில் வேலை பார்க்கும் என் மகள் போன முறை வந்தபோது, நீங்கள் படம் போட்டிருந்த அதே 'ஃபேக்காப்ஸ் ரானா' என்ற ட்ரைலோபைட்டின் புதைபடிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மரவட்டையைத் தொட்டால் சுருண்டுகொள்ளுமே, அப்படிச் சுருண்டு கல்லாகிக் கிடக்கிறது. முதுகில் 11 கணுக்கள், நெற்றி முழுக்கச் சொரசொரவென்று புடைப்புகள். ரானா என்றால் லத்தீனில் தவளை, பொருத்தமான பெயர்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணில் ஒவ்வொரு வில்லையும் கம்பு மணியைப் பதித்ததுபோல் தனித்தனியாகத் தெரிகிறது. பெரும்பாலான ட்ரைலோபைட்டுகளுக்கு வில்லைகள் நெருக்கியடித்து, எல்லாவற்றுக்கும் மேல் ஒரே படலமாக இருக்கும். இதில் ஒவ்வொன்றுக்கும் தனிப் படலம், நடுவே இடைவெளி. வில்லை கால்சைட்டால் ஆனது, அதாவது சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே கனிமம், அதனால்தான் சுமார் 39 கோடி ஆண்டுக்குப் பிறகும் வில்லைகளை எண்ண முடிகிறது.

அப்படி எண்ணியவர்தான் அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளரான நைல்ஸ் எல்ட்ரெட்ஜ். வில்லைகள் மேலிருந்து கீழாக 18 வரிசை உள்ளவை, 17 உள்ளவை என்று பிரித்துப் பார்த்தார். உயிரினங்கள் நெடுங்காலம் மாறாமல் இருந்துவிட்டுக் குறுகிய காலத்தில் மாறுகின்றன என்று 1972இல் சக ஆய்வாளர் ஸ்டீபன் ஜே கூல்டுடன் சேர்ந்து அவர் சொன்னதற்கு இந்தக் கண்களும் ஒரு சான்று. அப்புறம் 1990இல் ஸ்ட்ரூவே என்ற ஆய்வாளர் இந்த அமெரிக்க இனங்களை ஃபேக்காப்ஸிலிருந்து பிரித்து, எல்ட்ரெட்ஜின் பெயராலேயே எல்ட்ரெட்ஜியாப்ஸ் என்று தனிப் பேரினம் ஆக்கினார். குடும்பம் அதே ஃபேக்காப்பிடேதான். ரானாவைப் பென்சில்வேனியா 1988இலேயே மாநிலப் புதைபடிவமாக அறிவித்துவிட்டதால் பழைய பெயரும் புழக்கத்தில் இருக்கிறது, அதனால் நீங்கள் பழைய பெயரைப் போட்டதைப் பெரிய பிழை என்று சொல்லமாட்டேன்.

படம் அப்படியல்ல. பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள், என் பேரனும் ஒட்டியிருக்கிறான். அடுத்த இதழில் அதே படத்தை, நெடுக்கே இரண்டு கோடு போட்டு, அதே அளவில் வெளியிடுங்கள். பழையதின் மேலேயே ஒட்டிக்கொள்ளட்டும்.