புகார்: ஏழு வாரத்தில் படுத்த வால்வு ஆம்ப்ளிஃபையர்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.
பொருள்: வாரண்டி மறுத்தது தொடர்பாக.

ஐயா,

உங்களிடம் வாங்கிய வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் ஏழே வாரத்தில் படுத்துவிட்டது. "கடற்கரை ஊர், வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும். வால்வுக்கு வாரண்டி கிடையாது, புதுசு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று உங்கள் சர்வீஸ் பிரிவு போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெட்டியை வந்து பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

என் அப்பா மைக் செட் வாடகைக்கு விட்டவர். அவருடைய பழைய வால்வு செட்டில்தான் இத்தனை வருஷமும் ரெக்கார்டு கேட்டேன். மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்புதான். ஜன்னல் கம்பியே உதிரும் ஊரில் வால்வு சொருகும் சாக்கெட் பச்சை பூக்காமல் இருக்குமா? சுரண்டிச் சுரண்டி ஓட்டினேன். கடைசியில் ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச்சுருள் அறுந்தது. அதைச் சுற்றித் தந்துகொண்டிருந்தவரும் தொழிலை விட்டுவிட்டார்.

அதனால் வாங்கும் முன்பே மெயிலில் கேட்டேன். பீங்கான் சாக்கெட்டா? வால்வின் கரண்ட் அளவை அடிக்கடி திருகிச் சரிபார்க்க வேண்டாத கேத்தோடு பயாஸ் வகையா? இன்றும் புதிதாகக் கிடைக்கும் ஈ.எல். 34 வால்வா? எல்லாவற்றுக்கும் "ஆமாம் சார், கடலோரத்துக்கு ஏற்றது" என்று பதில் வந்தது. நகல் இணைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி வலப்பக்க ஸ்பீக்கர் கரகரத்தது. லைட்டை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். உள்ளே ஹீட்டர் ஆரஞ்சாக மினுங்குவது வழக்கம்தான். ஆனால் ஒரு வால்வில் அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, உலையில் வைத்த இரும்புபோலச் சிவந்திருந்தது. உடனே அணைத்தேன். "வால்வு என்றால் எரியத்தான் சார் செய்யும்" என்றார் உங்கள் ஆள். மைக் செட்டுக்காரர் மகனிடம்!

ராமநாதபுரத்திலிருந்து தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் வந்து, அந்தப் பக்கத்து இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட்டார். சிவப்பு வால்வோடு நகரவில்லை. அதே சாக்கெட்டுக்கு மாறி வந்த நல்ல வால்வும் சிவக்கத் தொடங்கியது. அப்புறம் வால்வைக் கழற்றிவிட்டு, அந்த சாக்கெட்டில், வால்வின் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கிரிட் முனையில் மல்டிமீட்டரை வைத்தார். இந்த வகை சர்க்யூட்டில் அங்கே 0 வோல்ட் இருக்க வேண்டும்; பிளஸ் 11 காட்டியது. முந்தைய வால்விலிருந்து வரும் டி.சி.யைத் தடுத்து, பாட்டை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கப்பாசிட்டர் கசிகிறது. கிரிட்டில் பிளஸ் ஏறினால் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து வேகும். அங்கே புது வால்வு போட்டால் அதுவும் வேகும். வால்வுக்கு வாரண்டி இல்லை என்பது சரி, கப்பாசிட்டருக்கு? மற்ற பாகங்களுக்கு ஓராண்டு என்று உங்கள் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது.

வோல்டேஜ் கதையும் நிற்காது. செட் முதல் நாளிலிருந்தே ஸ்டெபிலைசரில்தான் ஓடுகிறது. வோல்டேஜ் ஏறி இறங்கியிருந்தால் இரண்டு பக்கத்து நாலு ஈ.எல். 34 வால்வும் அல்லவா அடி வாங்கியிருக்க வேண்டும்? வெளியாள் திறந்தார் என்று அடுத்துச் சொல்வீர்கள். உங்கள் ஆளிடம் போனில் கேட்டுத்தான் திறந்தோம். அளந்ததோடு சரி, சோல்டரிங் அயர்ன் பக்கமே போகவில்லை.

உங்கள் செலவில் எடுத்துச்சென்று, இரண்டு சேனலிலும் கப்ளிங் கப்பாசிட்டர்களை மாற்றி, கெட்ட ஜோடிக்குப் பதில் பொருத்தம் பார்த்த ஈ.எல். 34 ஜோடி ஒன்றை இலவசமாகப் போட்டுத் தாருங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். 15 நாள் பார்ப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ராமநாதபுரத்துக்கு எனக்கு ஒரு பஸ் தூரம், உங்களுக்குத்தான் அலைச்சல்.

செட்டை நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். வால்வுகளைத் தனியாகப் பஞ்சில் சுற்றியிருக்கிறேன். ஆள் வரும் தேதியைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்